நாற்பத்திரண்டாம் கதவு

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் குளியல் மாளிகையைச் சாத்திவிடுவார்கள். பெரிய குளத்தின் தண்ணீரை இறக்கி, மயில் பதித்த ஓடுகளைத் தேய்க்க வேண்டும். புதாபெஸ்டில் வேறு எது தாமதமானாலும் இது ஆகாது. ஆனால் உள்ளே ஓர் ஆள் இருந்தாலும் மடையைத் திறக்கக் கூடாது. யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியவள் எதெல்கா.

குளிக்க வருகிறவர் உடை மாற்றியதும், அந்த அறைக் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் நேரத்தை எழுதிப் பூட்டுவாள். அவர் உடுத்திக்கொண்டு கிளம்பியதும் துடைத்து, கதவைத் திறந்து போடுவாள். எல்லாக் கதவும் திறந்திருந்தால் மாளிகை காலி.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில், நாற்பத்தொன்றாம் அறைக்காரி கிளம்பியபோது எதெல்கா நாற்பத்திரண்டாம் கதவையும் சேர்த்துத் துடைத்துத் தொலைத்தாள். உள்ளே தொங்கிய கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே உடை மாற்றிய ஹெர்மினா என்ற முதியவள் சவுனா என்னும் வெப்ப அறையில் மயங்கிக் கிடந்தாள். மூன்று மணிக்கு ஓடு தேய்க்க வந்தவர்கள் பார்த்தபோது உயிர் இல்லை. வயதாகிவிட்டது, இதயம் நின்றுவிட்டது என்று எல்லோரும் முடித்துவிட்டார்கள். எதெல்கா வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டாம் கதவு மட்டும் பூட்டியிருந்தது. திறந்தாள். உட்பக்கம் 7.10 என்று இருந்தது. அவள் கையெழுத்துதான், ஆனால் எழுதிய ஞாபகமே இல்லை. கொக்கியில் நரித்தோல் காலர் வைத்த பழுப்புக் கோட். ஹெர்மினாவின் கோட் அது. அதை மடித்து மகன் ஔரெல் கையில் கொடுத்தவளே இவள்தான்.

“மகராசி, தண்ணியத் தெறக்கட்டுமா, இல்ல நீயும் ஒரு முழுக்குப் போடப்போறியா?” குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வெண்டெல் படியேறி வந்தான்.

“உள்ள ஆள் இருக்கு.”

“எல்லா எடமும் பாத்துட்டேன். ஈ காக்கா இல்ல.”

“அப்ப இந்தக் கோட்டு?”

அவனும் தொட்டுப் பார்த்தான். “நல்ல கோட்டு. எவளோ விட்டுட்டுப் போயிருக்கா. தொடச்சிட்டுக் கெளம்பு. என் பொண்டாட்டி பீன்ஸ் சூப்போட காத்திருப்பா.”

“தொடைக்க மாட்டேன்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான்.

எதெல்கா சவுனாவுக்குப் போனாள். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பலகைகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. கீழ்ப்பலகையில் மட்டும் ஒரு ஆள் படுத்த அளவுக்கு ஈரம். துண்டால் துடைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஈரம் ஊறியது. தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்து போனை எடுத்தாள்.

“ஔரெல் தம்பி, குளியல் மாளிகை எதெல்கா பேசறேன். அம்மாவோட கோட்டு இங்க தொங்குது. கதவுல அவங்க வந்த நேரமும் எழுதியிருக்கு.”

“எந்தக் கோட்டு?”

“நரித்தோல் வச்சது.”

“அக்கா, அதப் போட்டுத்தான அம்மாவ அடக்கம் பண்ணோம்.”

வேறு யார் கோட்டோ என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். பத்தொன்பது வருஷ வேலை மிஞ்சும். எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பயத்தோடு மாரடிப்பது?

“அன்னிக்கு நான்தான் தம்பி தொடச்சேன். அம்மா உள்ள இருக்கறப்பவே நேரத்த அழிச்சிட்டேன். அதான் யாரும் தேடல.”

“எவ்ளோ நேரம் கெடந்தாங்க?”

“மூணு மணி நேரம்.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“கெளம்பி வர்றேன். நான் வர்ற வரைக்கும் அழிச்சிடாதீங்க.”

எதெல்கா நாற்பத்திரண்டாம் அறைக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழிருந்து வெண்டெல், “தெறக்கட்டுமா?” என்று கத்தினான். ஒருக்களித்திருந்த கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“உங்க மகன் வர்றாரும்மா.”

உள்ளே யாரோ உட்கார்ந்ததுபோலப் பெஞ்சு கிறீச்சிட்டது.