ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை

ஆர்வில் டாக்கெட்டுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காபி போட்டார், குடிக்காமல் மறந்தார். நாய்க்கு இரண்டு தடவை தீனி வைத்தார். நாய் அதைப் பற்றிப் புகார் எதுவும் சொல்லவில்லை. டிரக் வரைக்கும் போய்க் கதவைத் திறந்து, மூடி, திரும்பி வந்தார். அறுபத்தெட்டு வயதில், கென்டக்கி மலைப்பக்கத்தில் சொந்த வீடும் சுரங்கத்துப் பென்ஷனும் இருக்கிற மனிதர் இப்படித் தவிக்க ஒரே காரணம்தான். அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

பெரிய பொய் என்று அப்போது தோன்றவில்லை. போன வருஷம் இலையுதிர்காலத்தில் இருநூற்று நாற்பது டாலருக்கு ஒரு குட்டைக்குழல் ரிவால்வர் வாங்கினார். ஐந்து தோட்டா பிடிக்கும், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். முடிவெட்டும் கடையில் தபால்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னுடைய ஆயிரம் டாலர் துப்பாக்கியைப் பற்றி ஒரு பாட்டம் பெருமை பேசினார். ஆர்வில் விடவில்லை. "உம்மோடது சுடும், என்னோடது மட்டும் பூ போடுமாக்கும்?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கிறுகிறுத்துப்போய் வீட்டுக்கு வந்தவர், அந்த மாவட்டத்துத் துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் போனில் படிக்கிற பக்கத்தில் எழுதிவிட்டார்: "முந்நூறு தோட்டா சுட்டாச்சு. ஒரு தடவைகூட மக்கர் பண்ணல. உயிரையே நம்பி ஒப்படைக்கலாம்."

உண்மையில் சுட்டது முப்பதுகூடத் தேறாது. அதிலும் இரண்டு தடவை நின்றுபோயிருந்தது. காலித் தோட்டாக்களைத் தள்ளுகிற கம்பி தானாகத் திருகு கழன்று நீண்டுவிடும். நீண்டால் தோட்டா உருளை சுற்றாது, திறக்கவும் வராது. குறடு வைத்துத்தான் கம்பியைத் திருக வேண்டும். ஆளைக் கொல்ல வருகிறவனிடம், கொஞ்சம் பொறு, குறடு எடுத்து வருகிறேன் என்றா சொல்வது?

இதையெல்லாம் அவர் எழுதவில்லை. யாருமே எழுத மாட்டார்கள். இந்த மலைப்பக்கத்து ஆம்பிளை மகன் ஜெயிலுக்குப் போனதைச் சொல்வான், பெண்டாட்டி ஓடிப்போனதைக்கூடச் சொல்வான். மட்டமான துப்பாக்கி வாங்கி ஏமாந்தேன் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டான். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் முழுக்க மக்கரே செய்யாத துப்பாக்கிகள்தான். மக்கர் செய்தவை எல்லாம் சத்தம் காட்டாமல் அடுத்த ஊரில் கைமாறிவிடும்.

நேற்று மூடிப்போன நிலக்கரிக் குழியில் சுட்டபோது, பதினோராவது தோட்டாவில் குட்டைத் துப்பாக்கி மறுபடி நின்றது. திருகு கழலாமல் பிடிக்கிற பசை வாங்கலாம் என்று டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் டெல்பர்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"யோவ் ஆர்வில், உனக்கு நான் கமிஷன் குடுக்கணும்யா! நீ எழுதினதப் படிச்சுட்டு ஏழு பேரு அதையே வாங்கிட்டானுங்க. உன் தங்கச்சி மக ஜனெல்கூட வாங்கிட்டுப் போச்சு, தெரியாதா?"

"ஜனெல்லா? எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. டஸ்டி வெளிய வந்துட்டான்ல? மாமா சொன்ன துப்பாக்கிதான் வேணும்னு ஒரே பிடிவாதம். சரி, உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

டஸ்டி, ஜனெல்லின் முன்னாள் புருஷன். அவள் தாடையை உடைத்ததற்காக இரண்டு வருஷம் உள்ளே இருந்தவன். அவன் கிட்டே வரக்கூடாது என்று நீதிபதி எழுதிக் கொடுத்த காகிதம் அவளிடம் இருக்கிறது. காகிதத்துக்குப் பயப்படுகிற ஜாதி இல்லை அவன். அப்படிப்பட்டவன் படியேறி வருகிற நேரத்தில் அவள் கையில் இருக்கப்போவது கம்பி கழலுகிற அந்தத் துப்பாக்கிதான்.

நேற்று சாயங்காலம் ஜனெல்லைப் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்று காலையிலும் எடுக்கவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இரண்டு மணி வரைக்கும் போன் பைக்குள் கிடக்கும். அதுவரைக்கும் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பத்து மணிக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்.

"நான் முன்னாடி எழுதினது பொய். முப்பது தோட்டாகூட அப்போ சுடல. இதுவரைக்கும் மூணு தடவை நின்னுபோச்சு. கம்பி கழலுது. யாரும் இத நம்பாதீங்க. ஜனெல், கண்ணு, உன்னுதும் இதேதான். அத நம்பி இருக்காத. மாமா வரேன்."

அனுப்பியதும் காது மடல் சுட்டது. முடிவெட்டும் கடையில் இனி ஆறு மாதத்துக்குத் தலை காட்ட முடியாது. போகட்டும். மானம் போனாலும் பிள்ளை பிழைக்கும் என்று நினைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு தன்மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. இரண்டு மணிக்கு டிரக்கைக் கிளப்பி, ஓடையை ஒட்டிய மண்பாதையில் ஏறினார்.

ஜனெல் அப்போதுதான் வந்திருந்தாள். சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று அவர் இறங்குவதைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

"கண்ணு, அந்தத் துப்பாக்கிய எடு. அது ஆகாது. நான் பொய் எழுதிட்டேன்."

"தெரியும் மாமா."

"படிச்சிட்டியா?"

"இன்னிக்கு எழுதினதச் சொல்லல. மொதல்லயே தெரியும். வாங்கின அன்னிக்கே பின்னாடி மேட்டுல சுட்டுப் பாத்தேன். மூணாவது தோட்டாவுல சிக்கிக்கிச்சு. அதுக்கப்புறம் நான் அதத் தொடவே இல்ல."

ஆர்விலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல? டெல்பர்ட் மூஞ்சியில விட்டெறிய வேண்டியதுதானே?"

"டெல்பர்ட்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரியும். கம்பெனிக்கு அனுப்பினா சரிபண்ணி வர ரெண்டு மாசம். அதுவரைக்கும் வீட்டுல ஒண்ணுமில்லன்னு அவனுக்குத் தெரிஞ்சா?" அவள் படியில் உட்கார்ந்தாள். "போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தான். அதோ, அந்த வேலிகிட்ட வண்டிய நிறுத்தினான். நான் இங்க நின்னேன். பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டேன். 'ஆர்வில் எழுதின துப்பாக்கியா?'ன்னு கேட்டான். ஆமான்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்தோம் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைக்க ஆரம்பித்தது. அதை உள்ளே விடப் பிடிக்கவில்லை.

"அன்னிக்கு என் பாக்கெட்ல துப்பாக்கியே இல்ல மாமா. வீட்டுச் சாவிதான் இருந்துச்சு. உங்க முந்நூறு தோட்டாதான் என்னக் காப்பாத்துச்சு."

"அவன்... அவன் அந்தப் பக்கத்தப் படிக்கிறானா?"

ஜனெல் போனை எடுத்து நீட்டினாள். அவர் காலையில் எழுதியதற்குக் கீழே நாற்பத்தொரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். தபால்காரர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார். ஒருவன், "அப்போ அந்த ஒன்பது கிலோ மீன் கதையும் இதே ரகமா ஆர்வில்?" என்று கேட்டிருந்தான். அவர் கண் அந்தப் பெயர்களில் ஒன்றின்மேல் நின்றது. டஸ்டி கோம்ஸ். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, எல்லாருக்கும் முதலாக, கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

"அழிச்சிடறேன் கண்ணு. இப்பவே அழிச்சிடறேன்."

"படிச்சவன் மண்டையிலேருந்து எப்படி அழிப்பீங்க?"

அவர் டிரக்குக்கு ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி யாரும் பார்த்து வருஷக்கணக்காகிறது. இருக்கைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்த நீளக்குழல் ரிவால்வரை எடுத்துவந்தார். அவருடைய மாமனார் வைத்திருந்தது, பழைய காலத்துக் கனமான சாமான். அதை அவள் மடியில் வைத்தார்.

"இத வச்சுக்க. நாப்பது வருஷமா என்கிட்ட இருக்கு. எத்தன மான் அடிச்சிருக்கேன்! இது சுடும் கண்ணு. சத்தியமாச் சுடும்."

ஜனெல் உருளையைத் திறந்து பார்த்தாள். ஆறு தோட்டா இருந்தது. சுழற்றிப் பார்த்தாள். சுலபமாகச் சுழன்றது.

"சுடும், தெரியுது. ஆனா நான் யாரையும் சுடணும்னு வாங்கல மாமா. அவன் படியேறாம இருக்கணும்னுதான் வாங்கினேன். இது சுடும்னு அவன்கிட்ட யாரு சொல்றது? நீங்க எழுதினா இனிமே எவன் நம்புவான்?"

முந்நூறு என்று அன்றைக்குத் துணிந்து எழுதிய விரல் இன்று எதை எழுதினாலும் பயனில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை, அதுதான் அவரைக் கொன்றது.

ஜனெல் எழுந்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். இந்த வீட்டுக்கு இந்த வசந்தத்தில்தான் அவளே ஏணி வைத்துப் புது வர்ணம் அடித்திருந்தாள். பெரிய துப்பாக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. துணிகளை மடிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லெக்சிங்டன்ல ஒரு சிநேகிதி இருக்கா, அங்க போயிடறேன். பள்ளிக்கூடத்துக்கு நீங்களே சொல்லிடுங்க மாமா, நான் இனிமே வர மாட்டேன்னு," என்றாள் உள்ளேயிருந்து.

"சொல்றேன் கண்ணு," என்றார் ஆர்வில். வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை வாசலை விட்டு நகராமல் நின்றார்.