நெட்டுக்குத்தாக நின்ற ஸ்க்ரூக்கள்

பேக்கரிக்காரம்மா வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஆறு ஸ்க்ரூக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த கோடு மேலிருந்து கீழாக, அளவெடுத்த மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்த மெயின், ஆறையும் இன்னொரு தடவை எண்ணினார்.

மெயின் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். யார் எங்கே எந்த ஒயரைத் தொட்டாலும் "மெயினை அணைச்சியா? மெயினை அணைச்சியா?" என்று அவர் கத்துகிற கத்தலில், பெற்றவர்கள் வைத்த பெயரே மறந்துவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்வார். கூட வருவது மனைவியின் தம்பி.

அந்த மைத்துனனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஸ்க்ரூவை முறுக்கி முடித்த பிறகு, கால் திருப்பு முன்னே பின்னே கொடுத்து எல்லாக் கோடுகளையும் நேராக நிறுத்திவிட்டுத்தான் நகருவான். "வந்தோமா, முறுக்கினோமான்னு இல்லாம ஸ்க்ரூவுக்கெல்லாம் தலை வாரி விடறான்" என்று மெயின் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். அவர் முறுக்கிய ஸ்க்ரூக்கள் எப்படி நின்றனவோ அப்படியே நிற்கும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று படுத்திருக்கும். பிடித்தால் போதாதா?

இப்போது சிக்கல் என்னவென்றால், நாலு மாதத்துக்கு முன்னால் இந்த போர்டை மாட்டியது மெயின். தன் கையால், தனியாக. அன்றைக்கு மைத்துனன் மாடியில் ஒயர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தான், இந்த போர்டின் பக்கமே வரவில்லை.

"அம்மா, நடுவுல என் மச்சான் இங்க வந்திருந்தானா?"

புது அடுப்புக்கு லைன் இழுக்கக் கூப்பிட்டிருந்த பேக்கரிக்காரம்மா, கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "யாரு, தம்பியா? ஆமா... வந்தாரு. சும்மா, ஒரு பல்பு மாத்தறதுக்கு."

"பல்பு மாத்த போர்டை எதுக்குக் கழட்டினான்?"

"எனக்கென்னங்க தெரியும் அதெல்லாம்" என்று மென்று விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெயின் லைனுக்கு அளவெடுத்தார். கை அளவெடுத்தது, மனசு சட்டைப்பைக்குள் இருந்தது. அங்கே நாலாக மடித்த ஒரு கடிதம். நாளை காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை மேனேஜரிடம் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம். மகள் அடித்துக் கொடுத்தாள், மனைவி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தலையாட்டினார். கையெழுத்து மட்டும் பாக்கி. இரண்டு பேரும் சேர்ந்து போடப்போகிற எலெக்ட்ரிக் கடைக்குக் கடைத்தெருவில் ஓர் அறை பிடித்தாகிவிட்டது. மைத்துனன் ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டு அங்கே அலமாரி அடித்துக்கொண்டிருக்கிறான். லைசென்ஸ் மெயின் பெயரில். அவர் கையெழுத்து இல்லாமல் மைத்துனன் ஒரு மீட்டர்கூட வைக்க முடியாது.

அப்படியிருக்க, இவருக்குத் தெரியாமல் இவர் வாடிக்கை வீட்டில் அவனுக்கு என்ன வேலை?

கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டும் முன்பே தனிக்கடை போட்டுவிட்டானா? வாடிக்கையை எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு இவர் வேலையை விட்டதும் 'மாமா, நீங்க கல்லாவுல உக்காருங்க' என்று ஓரங்கட்டத் திட்டமா? இருபத்திரண்டு வருட வேலை. போனால் நாற்பத்தேழு வயதில் எவன் திரும்பக் கூப்பிடுவான்?

ஒரு வீட்டை வைத்து ஒருவனைத் திருடன் என்று சொல்லக்கூடாது என்று அவரே நியாயம் பேசிக்கொண்டு, வண்டியைத் தையல்காரர் வீட்டுக்கு விட்டார். அங்கே போன வருடம் அவர் மாட்டிய போர்டு. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், எல்லாம் ஒழுங்கா எரியுதா?" என்று எட்டிப் பார்த்தார். நாலு ஸ்க்ரூவும் நெட்டுக்குத்தாக நின்றன.

"எல்லாம் பிரமாதமா எரியுது" என்றார் தையல்காரர். "உங்க மச்சான் தங்கமான பையன்."

தங்கமான பையன்! மெயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போஸ்ட்மாஸ்டர் வீட்டில் கேட்கவே வேண்டாம். எட்டு ஸ்க்ரூ, எட்டும் நேர். போஸ்ட்மாஸ்டர், "ரெண்டு பேர்ல யார் வந்தா என்ன, ஒரே குடும்பம்தானே" என்று சிரித்த சிரிப்பு அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சிரித்த பிறகு போஸ்ட்மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. ஊரே சேர்ந்து அவர் காதில் பூ சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். மனைவி சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மகளின் பாவாடை ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி வாரத்துல எங்கெங்கே போறான்னு உனக்குத் தெரியுமா?"

ஊசி ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். ஆனால் மெயின் அதைப் பார்த்துவிட்டார்.

"கடை வேலையா அலைவான். வேற எங்க போவான்?"

"பேக்கரி வீட்டுக்குப் போயிருக்கான். தையக்காரர் வீட்டுக்குப் போயிருக்கான்."

"அவன்கிட்டயே கேளுங்களேன்" என்று அவள் குனிந்துகொண்டாள். "என்னை ஏன் கேக்கறீங்க?"

ஆக, இவளும் கூட்டு. அக்காவும் தம்பியும் ஒன்று, நடுவில் அவர் மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா. சாப்பிடக்கூட உட்காராமல் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. மைத்துனன் ஏணியில் நின்று அலமாரிப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"இறங்குடா."

"மாமா, ஒரு நிமிஷம்..."

"இறங்குடான்னா!"

அவன் இறங்கினான். மெயின் இதுவரை மனசுக்குள் கோத்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். மூன்று வீடு, பதினெட்டு ஸ்க்ரூ, எல்லாம் உன் கைவேலை. என் வாடிக்கையை எத்தனை நாளாடா திருடறே? என் லைசென்ஸ் வேணும், நான் மட்டும் வேண்டாமா? கூடப் பிறந்தவன் மாதிரி நினைச்சேனே!

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்த்துப் பேசுவான், சத்தியம் பண்ணுவான் என்று எதிர்பார்த்தவருக்கு அதுவே சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. அவன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். தொழிற்சாலையில் ஊழியர்களுக்குக் கொடுத்த பிஸ்கட் டப்பா.

"திறந்து பாருங்க."

உள்ளே விரல் நீளத்துக்கு வெட்டிய ஒயர்த் துண்டுகள், உருகிப்போன இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சின்ன டேப்பில் ஏதோ எழுதியிருந்தது. மெயின் ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுவந்தார். பிறகு கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். எழுத்து கலங்கிக்கொண்டே இருந்தது.

"பேக்கரி வீடு" என்றான் மைத்துனன். "அது தையக்காரர். இது ரெண்டும் போஸ்ட்மாஸ்டர். தடவிப் பாருங்க மாமா, உங்க விரலுக்குத் தெரியும்."

தடவினார். நுனி கரகரவென்று கரியாக இருந்தது. ஒயரின் மேலுறையைப் போதுமான அளவு சீவவில்லை. செம்பின்மேல் இறங்க வேண்டிய ஸ்க்ரூ பிளாஸ்டிக்கின்மேல் இறங்கியிருந்தது. முறுக்கும்போது கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். இழுத்துப் பார்த்தாலும் வராது. ஆனால் செம்பு சரியாகத் தொடாது, சூடாகும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கருகும். கண்ணால் பார்க்காமல் விரலை நம்பி வேலை செய்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

தொழிற்சாலையில் கட்டைவிரல் பருமனுக்கு கேபிள். அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. குச்சி மாதிரி ஒயரும் மணி மாதிரி ஸ்க்ரூவும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். நாளை கடிதம் கொடுத்தால் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை.

"போர்டு சுடுதுன்னு பேக்கரிக்காரம்மாதான் முதல்ல கூப்பிட்டாங்க" என்றான் மைத்துனன். "அப்புறம் நீங்க மாட்டினதை எல்லாம் ஒவ்வொண்ணா போய்த் திறந்து பார்த்தேன். யார்கிட்டயும் காசு வாங்கல. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்."

"எங்கிட்ட நேரா சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"சொல்ல வந்தேனே! டார்ச் அடிக்கவான்னு கேட்டதுக்கே, 'நீ டவுசர் போடறதுக்கு முன்னாடி கம்பம் ஏறினவன்டா நான்'னு தெருவே கேக்கறமாதிரி கத்தினீங்க. கண்ணாடின்னு சொல்லியிருந்தா ஸ்பானர் பறந்திருக்கும்."

மெயின் அப்படித்தான் கத்தினார். நினைவிருந்தது. கண் மங்குவதும் அவருக்கு ஒரு வருடமாகத் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்றார், எழுத்தைச் சின்னதாக அச்சடிக்கிறார்கள் என்றார். வெள்ளெழுத்து என்கிற வார்த்தையை மட்டும் வாய்க்குள் விடவில்லை. காலையிலிருந்து ஊரெல்லாம் திருட்டைத் தேடி அலைந்தவர், தன்னுடைய திருட்டை மட்டும், தன்னால் வாசிக்க முடியாத அந்தக் கடிதத்தோடு, சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பிடித்த பிடியை உடனே விட்டுவிட முடிகிறதா?

"லைசென்ஸுக்காகத்தானே மூடி மறைச்சே?"

"ஆமா" என்றான் மைத்துனன், தயங்காமல். "ஒரு வீடு பத்திக்கிச்சுன்னா முதல்ல போறது உங்க லைசென்ஸ். அது போனா நானும் தெருவுலதான். உங்களுக்காகவும் செஞ்சேன், எனக்காகவும் செஞ்சேன். பொய் சொல்லமாட்டேன்."

அந்தப் பதிலில் சந்தேகப்பட மெயினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்தார். வண்டியை உதைக்கும்போது மைத்துனன் பின்னாலேயே வந்தான்.

"நாளைக்கு லெட்டர்..."

"பார்க்கலாம்" என்றார்.

வீட்டில் மனைவி சமையலறையில் இருந்தாள். சிவப்புக் கண்ணாடி பாவாடைமேல் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை எடுத்து மாட்டினார். கைரேகை ஒவ்வொன்றும் பளிச்சென்று எழுந்து நின்றது. கடிதத்தை விரித்து, முதல் தடவையாகத் தானே வாசித்தார். பிறகு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. தன் கையால் மாட்டியது இன்னும் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற போர்டு. தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்திலேயே கேட்டு வாங்கிக் குடிக்கிறவர் அவர், அந்த மூலைக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. தினமும் மனைவி ஈரக் கையோடு அழுத்துகிற ஸ்விட்சுகள் அவை. கதவைத் தள்ளிக் குனிந்து பார்த்தார்.

நாலு ஸ்க்ரூவும் நெட்டுக்குத்தாக நின்றன.

"எப்போ?" என்றார்.

மனைவி திரும்பினாள். மூக்கின் மேல் தன் கண்ணாடியோடு நிற்கிற புருஷனைப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாகவே போய்விட்டது.

"ரெண்டு மாசம் இருக்கும். கருகின வாடை வந்துச்சு. நீங்க ஷிப்டுல இருந்தீங்க. தம்பி வந்து பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டான்."

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து போர்டில் வைத்தார்.

"மெயினை அணைச்சீங்களா?" என்றாள் அவள்.

அணைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. போய் அணைத்துவிட்டு வந்து திறந்தார். உள்ளே எல்லாச் செம்பும் சுத்தமாக, அதனதன் இடத்தில் இறுகியிருந்தது. நெடுநேரம் பார்த்தார். மூடியை வைத்து நாலையும் முறுக்கினார். கடைசி ஒன்று சாய்வாக நின்றது. பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கால் திருப்புக் கொடுத்து அதையும் நேராக்கினார்.

"கண்ணாடிக் கடை எத்தனை மணிக்குத் திறக்கறான்?"

"ஒன்பதுக்கு. ஏன், லெட்டர் குடுக்கலையா?"

"அது பத்து மணிக்குத்தானே" என்றார் மெயின்.