எருமைகளைக் கூப்பிடும் குரல்

பொழுது சாய்ந்தும் எருமைகள் ஓடைக்கரையை விட்டு ஏறவில்லை. அவற்றின் மேல் குற்றமில்லை. நெஸ் என்கிற மேய்ப்பர் குடியிருப்பின் முள்வேலி ஓரத்தில் நின்று "ஹீ... யோ" என்று யாராவது குரல் கொடுத்தால் தாமாகவே வந்து சேரும். அப்படிக் குரல் கொடுக்கிற லீரி, பெண்சிங்கம் ஒன்று கிழித்த தொடை முழுக்கத் தையலோடு கயிற்றுக்கட்டிலில் கிடந்தாள். அவள் புருஷன் வாஜசூர் தடியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினான்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஒரு குரல் குடுத்தா வந்துடப் போகுது. கிர் காட்டுல எருமைய நடந்து போய்க் கூட்டிட்டு வர்ற மொத ஆளு நீதான்யா" என்றாள் லீரி.

"தொண்ட சரியில்ல" என்றான்.

தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. அந்தக் குரலை வாயில் எடுக்கத்தான் அவனால் முடியவில்லை.

அந்தக் காட்டில் சிங்கத்துக்கும் மேய்ப்பருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வழியில் சிங்கம் படுத்திருந்தால் தடியைத் தரையில் தட்டி "ஹட்" என்று ஓர் அதட்டல். அது முறைத்துக்கொண்டே எழுந்து ஒதுங்கும். சமயத்தில் எருமையை அடிக்கும், மனுஷனுக்கு வழிவிடும். போன மழைக்குப் பிறகு இதை வாஜசூர் கெடுத்தான். ஊர்ப்பக்கத்து விடுதிக்காரன் ஒருவன் திருட்டு வழியில் ஜீப்பில் ஆட்களைக் கூட்டிவந்து, "ஒரு சிங்கத்த காட்டேன், வாஜசூர்" என்று கெஞ்சினான். வாஜசூர் ஓடைக்கரைப் பாறையில் கோழியைப் போட்டுவிட்டு எருமைகளைக் கூப்பிடும் குரலையே கொடுத்தான். வனக்காவலர் காதில் விழுந்தாலும் மாட்டைக் கூப்பிடுகிறான் என்று போய்விடுவார்களாம். என்ன ஒரு சாமர்த்தியம்! முதலில் அவன் விலகிய பிறகுதான் அந்தப் பெண்சிங்கம் வந்தது. போகப் போக அவன் நிற்கும்போதே வந்தது. பிறகு கோழியைப் போடுவதற்கு முன்னாலேயே வந்து நின்றது. கடைசியில் தன் குட்டிகள் இரண்டையும் கூட்டி வந்து புதருக்குள் உட்கார்த்தி வைத்தது. ஜீப்பில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. சிங்கத்துக்குத் தன்மேல் பாசம் என்றே நினைத்துக்கொண்டான். கொழுப்பு, வேறென்ன!

எருமைகளை ஓட்டிக்கொண்டு அவன் திரும்பியபோது வனக்காவலன் மேராமண் கட்டிலருகில் உட்கார்ந்து சாசரில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்து நெஸ்காரன்தான்; லீரிக்கு அண்ணன் முறை.

"கூண்டு வச்சாச்சு, ஆடும் கட்டியாச்சு. மகாராணி திரும்பிக்கூடப் பாக்கல" என்றான் மேராமண். "பிடிச்சா ஆயுசுக்கும் கம்பிக்குள்ளதான். விட்டா நாளைக்கு வேற நெஸ்ல வேற ஒருத்தி தொடை. நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது?"

"அவளுக்கு என்மேல கோவமே இல்லண்ணே" என்றாள் லீரி. "நான் எருமையத்தான் கூப்பிட்டேன். புதர்லேர்ந்து அவ வந்து நின்னா. தடியத் தட்டினேன், கத்தினேன், நகரல. என் கையையே பாத்துட்டு நின்னா, தீவனத்துக்குப் பாக்குற கன்னுக்குட்டி மாதிரி. நான் திரும்பி ஓடினப்பதான் பாய்ஞ்சா." வாஜசூரைப் பார்த்தாள். "இவரும் அன்னிலேர்ந்து ஒழுங்காச் சாப்பிடல. பாவம், பயந்துட்டாரு."

அந்தப் 'பாவம்' அவனை அறுத்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வேலிப்படல் வரை மேராமணுடன் போனான். "நான் கூப்பிட்டா வருவா" என்றான்.

"நீ கூப்பிட்டாவா? எப்படிடா?"

தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தான்.

"அந்தக் குரல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்டா. பொண்டாட்டிக்கு ஒத்தாசையா மாட்டக் கூப்பிடுறான், நல்ல மனுஷன்னு நெனச்சுட்டுப் போனேன்." மேராமண் காறித் துப்பினான். "நாளைக்கு வந்து கூப்பிடு. அதுக்கு முன்னாடி லீரிகிட்ட நீயே சொல்லிடு."

"சொல்றேன்" என்றான்.

சொல்லவில்லை. கம்பு ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் கொடுக்கும்போது வாய் வரை வந்தது. "நீயும் தின்னு" என்று அவள் பாதியை அவன் பக்கம் தள்ளினாள். அதோடு போயிற்று.

மறுநாள் வெயில் இறங்கும் முன்பே எருமைகளை ஓட்டிவந்து கட்டிவிட்டு ஓடைக்கு இறங்கினான். கூண்டின் கோடியில் ஆட்டுக்குப் பதில் கோழியைப் போட்டுவிட்டு வழக்கமான பாறையில் நின்றான். கதவுக் கயிற்றோடு மேராமண் மரத்துக்குப் பின்னால் இருந்தான்.

"ஹீ... யோ."

மேலே தொழுவத்திலிருந்து எருமைகள் பதில் குரல் கொடுத்தன. எருமைகளெல்லாம் கட்டிக் கிடக்கும்போது தன் புருஷன் யாரைக் கூப்பிடுகிறான் என்று லீரி யோசிக்காமலா இருப்பாள்?

சிங்க மகாராணி வந்தாள். பதுங்கவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை. அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குள் நுழைவதுபோலக் கூண்டுக்குள் நுழைந்தாள். கதவு விழுந்தது. கம்பியில் மோதி அவள் உறுமினாள். "மன்னிச்சுக்க தாயி" என்றான் வாஜசூர்.

புதர் அசைந்தது. குட்டிகள் இரண்டும் வெளியே வந்தன.

"ஹட்!" மேராமண் தடியைத் தரையில் அடித்தான். "ஹட்! போங்க!" அவை அவனைச் சட்டை செய்யவில்லை. பாறைக்கு முன்னால் வந்து அருகருகே உட்கார்ந்தன.

மேலே முள்வேலிப் பக்கமிருந்து லீரியின் குரல் கேட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுந்து வந்தாளோ. "யாரய்யா கூப்பிடுற?"

வாஜசூர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். குட்டிகள் கழுத்தைச் சாய்த்து அவன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தன.