மூன்று சாமிகளிடமும் போனவள்

சர்வேயர் கண்ணை மூடி ஏழாவது மாதம், அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நாவலும் அதோடு ஓர் அட்டவணைத் தாளும் பதிப்பகத்திலிருந்து டீச்சர் வீட்டுக்கு வந்தன.

டீச்சர், அவருடைய மனைவி. முப்பத்தொரு வருஷம் பாடம் எடுத்ததில் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. கட்டின புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தை அளந்த மனுஷர், ஓய்வு பெற்றதும் இல்லாத நாடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். மலை, ஆறு, எல்லைக்கல் எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, அங்கே குடிவைக்க மூன்று மதங்களையும் உண்டாக்கினார். "ஒரு சாமியையும் கும்பிடாதவன் மூணு சாமிய உக்காந்து செய்யறான் பாரு" என்று அவருடைய அக்கா கிண்டல் செய்வாள். டீச்சருக்கு அவள் நாத்தனார்; மதம் என்றால் கறார்.

நிஜ மதங்களைக் கேலி செய்ததாக யாரும் கிளம்பிவிடக் கூடாது, ஆகவே கதையில் வரும் ஒவ்வொரு வழக்கமும் எங்கிருந்து எடுத்தது என்று குறித்துத் தர வேண்டும் என்று பதிப்பகத்துப் பெண் போனில் விளக்கினாள். பதினேழாம் அத்தியாயம்தான் அவர்களுக்கு இடித்தது. அதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் எடுத்துவிடப் போகிறார்கள். டீச்சர் அதைப் படித்ததில்லை. கடைசி மாதங்களில், மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு அவர் தட்டியது. இவள் எட்டிப் பார்த்தால் மூடிவிடுவார்.

சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தபோது 'பொருத்துக' கேள்வி போலத்தான் இருந்தது. உப்பு மலைக்காரர்கள் பகலெல்லாம் பட்டினி கிடக்கிறார்கள். கோயிலில் அதற்கு விரதம் என்று பெயர், மசூதியில் நோன்பு, தேவாலயத்தில் உபவாசம். ஆற்றுக்காரர்கள் கைகால் கழுவாமல் உள்ளே போவதில்லை. அதற்கும் ஒன்றுக்கு மேல் விடை. விளக்குக்காரர்கள் செய்த தப்பைச் சுடரிடம் சொல்லி அழுகிறார்கள். எங்கேதான் அழவில்லை? கட்டம் போதாமல் டீச்சர் ஓரத்திலும் எழுதினாள்.

பிறகு பதினேழாம் அத்தியாயம். மூன்று மதமும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று: அடுத்தவன் சாமியிடம் போவது பெரும்பாவம். அங்கே ஒருத்தியின் புருஷன் நோயில் விழுகிறான். ஊற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் திருட்டுத்தனமாக மூன்று சாமிகளிடமும் போகிறாள். ஊற்று வீட்டுக்குப் பக்கத்தில்தான். அரை நாள் கழித்து ஒரு குடத்தோடு வருகிறாள். "ஊற்றில் கூட்டமா?" என்று படுக்கையிலிருந்து அவன் கேட்கிறான். "ஆமாம்" என்கிறாள்.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டாள்.

மருந்துக்கடை தெருமுனையில்தான் இருக்கிறது. ஒரு அட்டை மாத்திரை வாங்க அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கோயில், அங்கிருந்து மசூதி வாசல், அப்புறம் தேவாலயத்தில் கடைசி பெஞ்சு. தெரிந்தால் ஒரு கேஸுக்கு மூன்று வக்கீலா என்று ஒரு வாரம் ஓட்டுவார் என்றுதான் சொல்லவில்லை. திரும்பி வந்ததும், "கடையில கூட்டமா டீச்சர்?" என்பார். "ஆமாங்க, செம கூட்டம்." அவர் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் நம்பிவிட்டார் என்றே நினைத்திருந்தாள். ஆயுசு முழுக்கத் தூரம் அளந்தவரிடம் தெருமுனையைப் போய் நீட்டிச் சொல்லியிருக்கிறோமே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

கதையிலும் அவன் பிழைக்கவில்லை. சாகும்முன் தங்கையிடம் சொல்கிறான்: "நான் பிழைக்காவிட்டாலும், அவள் நடந்த தூரமெல்லாம் என்னிடம்தான் வந்து சேர்ந்தது."

அவர் போன நாளிலிருந்து டீச்சர் எந்த வாசலையும் மிதிக்கவில்லை; மூன்று சாமிகள் மீதும் கோபம். இப்போது அந்தக் கோபத்தைத் தேடினாள். இருந்த இடம் தெரியவில்லை. கட்டத்தில் எழுதினாள்: 'எடுத்த இடம், எங்கள் வீடு. போனவள் நான்.'

தாளைப் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் பதிப்பகத்துப் பெண் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "முன்னுரையில இதைச் சொன்னாத்தான் அந்த அத்தியாயம் நிக்கும் டீச்சர். உங்க ஆளுங்களே ஏதாவது பேசுவாங்க. பரவாயில்லையா?"

"பேசட்டும்மா. கேட்டது கிடைக்கல, வாஸ்தவம். போனது வீண் போகலன்னு அவர் எழுதிக் குடுத்திருக்காரே, அதை வெட்டவா சொல்லுவேன்?"

அத்தியாயம் அப்படியே போகும் என்று முடிவானது. மிச்சம் இருந்தது நாத்தனார். அச்சாகி வந்து அவள் படிப்பதற்குமுன் நம் வாயாலேயே சொல்லிவிடுவது மேல் என்று டீச்சர் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், மூன்று இடத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

நாத்தனார் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு போர்வை முடிந்தது, இன்னொன்று முடிந்தது.

"நான் ரெண்டுக்குத்தான் போனேன்" என்றாள், நிமிராமலே. "மூணாவதுக்கு இங்கேருந்து நேர் பஸ் இல்ல."

எந்த ரெண்டு என்று டீச்சர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.