இரண்டு விரற்கடை

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பன்னிரண்டுக்கு அவள் கணவர் புதுச் சீருடை வேஸ்ட்கோட்டோடு விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் மேலாளர் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பார்ப்பாராம். பார்வைக்குச் சரியில்லாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் போர்வை அடுக்கும் வேலை என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள் என்றும் பேச்சு.

போன வருஷம் படியில் வழுக்கி விழுந்ததில் கணவருக்குத் தோளெலும்பு முறிந்தது. கூடும்போது இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியே கூடிற்று. கூட வேலை செய்கிறவர்கள் அன்றிலிருந்து அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் பதினோரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடம் வாய் ஓயாமல் பேசிப் பழகின மனுஷர். போர்வையோடு பேசு என்று கீழே அனுப்பினால் ஆள் பாதியாகிவிடுவார். அது அவளுக்குத்தான் தெரியும்.

விடுதியில் கொடுத்ததோ ரெடிமேட். உள்துணி இல்லாத ஒற்றைத் துணி. போட்டுப் பார்த்தால் இடது பக்கம் கழுத்திலிருந்து அக்குள்வரை ஒரு மடிப்பு, கோடு கிழித்தமாதிரி.

"தோள் சரிவை நான் ஒண்ணும் பண்ண முடியாது. மடிப்பை எடுத்துட்டா யாரும் தோளைப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

வேஸ்ட்கோட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி அவருக்கு மாட்டிவிட்டு, இறங்கின தோளில் மிஞ்சிய துணியைப் பிடித்துக் குண்டூசி குத்தினாள். அவர் ஒரு நிமிஷம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும், வராத விருந்தாளிக்கு வணக்கம் சொல்லிப் பார்ப்பதுமாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த நாத்தனாரோ, இந்த வீட்டில் வானொலி என்றால் அவள்தான், ஊசி ஏறுவதையும் இறங்குவதையும் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனை ஊசியால் குத்திவிட்டால் சொல்லுங்கள் அண்ணி, பஞ்சு எடுத்து வைக்கிறேன் என்று வேறு.

அவள் காதிலேயே வாங்கவில்லை. தையல் மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினாள். உள்ளே தடிப்பாகத் தெரியக் கூடாதே என்று மிஞ்சிய துணியைக் கத்தரித்தும் விட்டாள். பிறகு நல்ல பக்கம் திருப்பி அவருக்கு மாட்டினாள்.

வலது தோள் இறுகிப் பிடித்தது. இடது பக்கத்து மடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்று பேரும் கண்ணாடியையே பார்த்தார்கள். வானொலிகூட நின்றுவிட்டது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: உள்பக்கம் வெளியே போட்டு ஊசி குத்தினால், திருப்பும்போது இடது வலதாகிவிடும். இரண்டு தோளும் ஒன்றுபோல் உள்ளவர்களுக்கே தைத்துப் பழகின கைக்கு அது தோன்றவே இல்லை.

"பிரிச்சிடேன்" என்றார் அவர், மெதுவாக.

"எதைப் பிரிக்கிறது? வெட்டிட்டேங்க."

போர்வையில் நல்ல போர்வையாகப் பார்த்துப் பேசிக்கொள்வேன் என்று முனகினார் அவர். அவளுக்கு அந்த வேடிக்கைதான் பொறுக்கவில்லை. அவர் தோளிலிருந்து அதை உருவி எடுத்துக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். வலதில் இரண்டு விரற்கடை போயாயிற்று. அப்படியானால் இடதில் நாலு எடுக்க வேண்டும். எடுத்தாள். மொத்தமும் மேலே ஏறி அக்குளில் அறுத்தது. அங்கே வளைவைக் கீழே வெட்டி ஓரம் மடித்தாள். அவசரத்தில் நூல் இரண்டு தடவை அறுந்தது. பதினொன்று அடிக்கும்போது மாட்டிப் பார்த்தால், மடிப்பே இல்லை. தோள் இரண்டும் வழவழவென்று இருந்தன. கீழேதான் வேஸ்ட்கோட் பெல்ட்டுக்கு மேலே நின்றுவிட்டது. நடுவில் சட்டை எட்டிப் பார்த்தது.

"அண்ணா, மேசைக்கு வெளியே மட்டும் வந்துடாதே. உள்ளேயே இரு, கடவுள் மாதிரி" என்றாள் வானொலி.

அவர் போனபின் அவளுக்கு ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. கழுவின பாத்திரத்தையே கழுவினாள். தொலைபேசியை எடுத்து, கூப்பிட்டால் மேலாளர் பக்கத்தில் நிற்பாரோ என்று வைத்தாள். தரையில் கிடந்த துணித் துண்டைத் தூக்கி எறிந்தவள், திரும்பப் போய் எடுத்து, மறுபடி ஒட்டவைக்கலாமா என்று பார்ப்பவள் போல அதன் விளிம்பை விரலால் அளந்தாள்.

சாயங்காலம் ஆறரைக்கு அவர் வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"எங்க நிக்க வெச்சாங்க?"

"மேசையிலதான்."

"தோளைப் பாத்தாரா?"

ஒரு அம்மாவின் பெட்டியைத் தூக்க வெளியே வரவேண்டியதாகிவிட்டது என்றார். மேலாளர் நேரே வந்து வேஸ்ட்கோட்டை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பார்த்தாராம். இழுத்து விட்டால் மறுபடி ஏறிக்கொண்டதாம்.

"தோளைப் பத்திப் பேச அவருக்கு எங்க நேரம்? முழுக்க என் வயித்தைப் பத்தித்தான். பதினோரு வருஷம் ஒரே இடத்துல நின்னு தொப்பை போட்டுட்டியான்னு கேட்டு, ஒரு அளவு பெருசா எடுத்துக் குடுத்துட்டார். நாளைக்குக் காலையில இதைப் போட்டுட்டு வரணுமாம்."

வானொலி கட்டிலிலிருந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, மடிப்பு உதறி, அவரைக் கண்ணாடி முன்னால் தள்ளிக்கொண்டு போய் மாட்டிவிட்டாள். புதுசில் இடது பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமும் தொங்கிற்று.

"இதைக் கழட்டாதீங்க. அப்படியே நில்லுங்க" என்றாள். "இந்தத் தடவை எதையும் வெட்டப் போறதில்ல."

அவர் நின்றார்.