பீரோவில் பூட்டிய டிஸ்க்

நாங்கள் செயற்கைக்கால் செய்கிறவர்கள். ஆயிரத்து நூறு பேருடைய கால் அளவு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் கிடக்கிறது. ஒன்பது வருஷமாக அதை யாரையும் நான் தொடவிடவில்லை. ஓடுகிற பெட்டியை எதற்கு நோண்டுவது?

புதிதாக வந்த, கால் அச்சு செதுக்கும் மெஷின் அந்தக் கிழட்டு சர்வரோடு சேரமாட்டேன் என்றது. மருமகள் கம்ப்யூட்டர்காரனைக் கூட்டிவந்தாள். அவன் ஒவ்வொரு பதிப்பாக அப்கிரேட் செய்தான். மூன்றாவதில், இடமில்லை என்று பாதியில் நின்றது. அதன் பிறகு சர்வர் எழும்பவே இல்லை.

வாசல் பெஞ்சில் ஒரு வெல்டர் உட்கார்ந்திருந்தார். போட்டிருந்த கால் விரிசல் விட்டுவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அவருடைய பழைய அளவு சர்வருக்குள் இருந்தது. புதிதாக அளவெடுத்து அச்சு பார்த்தால் மூன்று வாரம்.

"இனிமே ஒட்டுப்போட முடியாதும்மா. துடைச்சிட்டுப் புதுசா போட்டுடறேன். பேக்கப்தான் வெளி டிஸ்க்குல இருக்கே?" என்றான் கம்ப்யூட்டர்காரன்.

"தினமும் ராத்திரி ஒரு மணிக்குத் தானா போயிடும்" என்றாள் மருமகள்.

அந்த டிஸ்க்கைத் தினமும் சாயங்காலம் பிடுங்கி பீரோவில் பூட்டிவிடுவேன். காலையில் அவள் வருவதற்குள் செருகிவிடுவேன். எவனாவது லவட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். ஆறு வருஷம் இப்படி. சொன்னால் மானம் போகும். அவன் விரல் பட்டனுக்குப் போனது.

"நிறுத்துய்யா! ராத்திரியில டிஸ்க் அங்க இருக்காது. பீரோவுல இருக்கும்."

மருமகள் என்னையே பார்த்தாள். "மனுசங்களத்தான் நம்ப மாட்டீங்க. டிஸ்க்கு என்ன மாமா பண்ணுச்சு?"

கம்ப்யூட்டர்காரன் நெற்றியைத் துடைத்தான். "அப்ப வெளி டிஸ்க் இல்லாம, நகல் பூரா சர்வருக்குள்ளயே கொட்டியிருக்கு. அதான் இடம் ரொம்பி அப்கிரேட் நின்னுருக்கு. நல்லவேளை ஐயா, துடைச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

சர்வரிலிருந்த டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்தான். வேறு டிஸ்க் போட்டு லினக்ஸை முதலிலிருந்து ஏற்றினான். பிறகு பழையதை ஒயரில் மாட்டினான். அது கரகரவென்று இருமியது. மூன்று தடவை ஒன்றும் வரவில்லை.

நாலாவது தடவை பெயர்கள் வரிசையாக வந்தன. வெல்டர் பெயரும் இருந்தது.

"உள்ள வாப்பா" என்று கூப்பிட வாசலுக்குப் போனேன். மருமகள் வழியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பீரோ சாவி."

கொடுத்தேன். அவள் கேட்காத மாற்றுச் சாவியையும் கொடுத்தேன்.