மைபோல் அரைத்த மருந்து

மருந்து அரைக்கும் கல்வத்தைக் கண்டால் தொமிஹிசாவுக்குக் கை சும்மா இருக்காது. தொயாமா நகரில் அவருடைய மருந்துக்கடைக்கு டாக்டர் சீட்டு வந்தால் போதும், பொடியை மைபோல் இழைத்து, ஒரே அளவாகப் பொட்டலம் போட்டு, தானே கொஞ்ச நேரம் ரசித்த பிறகுதான் கொடுப்பார். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இப்போது ஆசை வந்துவிட்டது. எதிர்க்கடையில் ரொட்டி சுடும் மினேகோ, கணவனை இழந்தவள். துணிந்து கேட்டும்விட்டார். அவள் சிரித்தாள்.

"என்கிட்ட மட்டும் கேட்டா போதுமா? வீட்ல ஒரு பெரிய மனுஷி இருக்கா. சயோ சரின்னா எனக்கும் சரி."

மகள் சயோவுக்கு ஆறு வயது.

அந்தப் பெரிய மனுஷிக்கே இருமலும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் சீட்டோடு மினேகோ வந்து நின்றபோது, வெளியே பனி கொட்டியும் தொமிஹிசாவுக்கு வேர்த்தது. இரண்டு பொடிகளைக் கலக்க வேண்டும். அதில் ஒன்று, கசப்பு தெரியாமலிருக்க மேலே பூச்சுப் போட்டது. லேசாகக் கிளறினால் போதும். அரைத்தால் பூச்சு உடைந்து உள்ளேயிருக்கும் கசப்பெல்லாம் வெளியே வந்துவிடும். மருந்தியல் முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. காதல் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது! குழந்தை தொண்டையில் ஒரு துகள்கூட உறுத்தக் கூடாதே என்று இழைத்தார், இழைத்தார், மாவாக்கிவிட்டார்.

"ஸ்ட்ராபெர்ரி வாசனைங்க. கேட்டு வாங்கிச் சாப்பிடுவா பாருங்க" என்று பெருமை வேறு.

மாலையில் மினேகோ மகளை இழுத்துக்கொண்டு புயலாக நுழைந்தாள். மேலங்கி முழுக்க இளஞ்சிவப்புக் கறை.

"என்னத்தைங்க குடுத்தீங்க? அப்படியே என் மேல துப்பிட்டா!"

"இந்த மாமா பொய் சொல்லிட்டாரும்மா" என்று சயோ முறைத்தாள்.

தொமிஹிசா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். பாகற்காய்கூட அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். கல்யாணக் கனவு கண்ணெதிரே கரைந்தது. மருந்தென்றால் கசக்கத்தான் செய்யும் என்று சமாளித்திருக்கலாம். வார்த்தை வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் அந்தச் சின்ன முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, குழந்தைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"தப்பு என்னோடதுதான் சயோ. அரைக்கக் கூடாததை அரைச்சுத் தொலைச்சுட்டேன். புதுசா கலந்து தரேன்."

சயோ யோசித்தாள்.

"அப்ப இதை நீங்க சாப்பிடுங்க. மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது."

"சயோ! என்னடி பேச்சு இது?"

"இருக்கட்டும்ங்க, நியாயம்தான்" என்று தொமிஹிசா பொட்டலத்தை வாயில் கொட்டிக்கொண்டார்.

சுளிக்காமலிருக்க அவர் பாடாய்ப்பட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. காது சிவந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு உடம்பே ஒருமுறை உதறிப்போட்டது. சயோ இருமல் வரும்வரை சிரித்தாள்.

பிறகு அவர் கல்வத்தின் பக்கமே போகாமல் புதுப்பொடியைக் கலந்து கொடுத்தார். அவள் அங்கேயே விழுங்கி, உதட்டை நக்கிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இவருக்கு நடிக்கவே வரல. நாமளே வச்சுக்கலாம்."